செங்கல் பொடி போர்த்திய சாட்சி

குற்றாலம்
5-6-1958

நாச்சியாருக்கு அண்ணன் ஞானசம்பந்தம் எழுதுவது.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. அருவியில் நல்ல தண்ணீர். நான் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். எழுத மனசு வரவில்லை.

என் தேன் பெட்டிகளில் இரண்டு செத்துவிட்டன. மற்றவற்றிலும் தினமும் வாசல் பலகையில் செத்த ஈக்கள் கிடக்கின்றன. உன் மதினி போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று இருந்ததே அந்த ஈக்களின் சத்தம்தான். அது உனக்குத் தெரியும்.

இது நோய் இல்லை. நோய் என்றால் அடையில் புழு அழுகும், நாற்றம் அடிக்கும். பட்டினியும் இல்லை, அடை நிறையத் தேன் இருக்கிறது. ஆக, யாரோ செய்திருக்கிறார்கள். யார் என்று எழுதினால் நீ அழுவாய், எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். எழுதிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர்தான்.

பங்குனியில் உன் வீட்டுக்காரர் இங்கே வந்து, தோப்பின் கீழ்ப்பக்கத்தில் தன் செங்கல் காளவாசலுக்கு மண் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். முடியாது என்றேன். "தோப்பக் குழி தோண்டுததுக்கா உமக்குப் பொண்ணு குடுத்தோம்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அது கொஞ்சம் கூடுதல்தான், இருக்கட்டும். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கத்துகிறவனை நம்பலாம், பேசாமல் போகிறவனை நம்பக் கூடாது.

இன்னொன்று. குரங்குகள் பெட்டிகளைக் காலைப் பிடித்து உருட்டுகின்றன, கல்மேடை போட வேண்டும், கொஞ்சம் செங்கல் அனுப்புங்கள் என்று நான் அவரிடம் கேட்டது மாசியில். கல் வந்து இறங்கியது சித்திரையில், சண்டைக்குப் பிறகு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் வண்டி பிடித்துக் கல் அனுப்புவாரா? எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. வைகாசியில் ஈ சாகிறது. ஈ போனால் பெட்டி போகும், பெட்டி போனால் தோப்பு எனக்கு எதற்கு? அப்புறம் மண் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்று அவரிடம் சொல்.

குழலிக்கு ஆவணி பன்னிரண்டில் இலஞ்சிக் கோயிலில் காது குத்து, தாய்மாமன் மடி வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த மனுஷர் பக்கத்தில் என்னால் உட்கார முடியாது. வேறு மடி பார்த்துக்கொள்.

ஞானசம்பந்தம்

*

வாசுதேவநல்லூர்
10-6-1958

அண்ணாச்சிக்கு நாச்சியாரின் வணக்கம்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட இரண்டு தடவை எழுந்தேன். பிறகு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். அவர் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

வேறு மடி பார்த்துக்கொள்ளவாம். சந்தையில் விற்கிறார்களா, போய் வாங்கி வர? அப்பா இல்லை, அம்மா இல்லை. எனக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள் ஒருத்தர்தான். தாய்மாமன் உயிரோடு இருந்தும் வராமல் பிள்ளைக்குக் காது குத்தினால் இந்த வீட்டுச் சனம் என்ன சொல்லும் தெரியுமா? "நாச்சியாருக்குப் பொறந்த வீட்டுக் கதவு சாத்தியாச்சு" என்று சொல்லும். அதன் பிறகு எனக்கு ஒரு சண்டை, ஒரு கஷ்டம் என்றால் நான் எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே வருவேன்? அதை எழுதுங்கள் முதலில்.

நீங்கள் சின்ன வயசிலேயே இப்படித்தான். அணில் கடித்துப்போட்ட மாங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது எவன் எறிஞ்ச கல்லு?" என்று தெருவெல்லாம் கேட்டுப்போனவர்தானே? மலேரியாக்காரர்கள் வீடு வீடாக மருந்து அடிக்கிறார்களே, அது ஈயைக் கொல்லாதா? சீசனுக்கு வருகிறவர்கள் தோப்புக்குள் புகுந்து என்னென்ன செய்கிறார்கள் என்று போன வருஷம் நீங்களே எழுதினீர்கள். அவர்கள் மேல் வராத சந்தேகம் என் வீட்டுக்காரர் மேல் ஏன் வருகிறது?

இத்தனைக்கும் அவர் தேனீ என்றால் பயந்து நடுங்குகிற மனுஷர். நம் வீட்டுக்கு வந்தால் பெட்டிப் பக்கமே போகமாட்டார். நீங்களே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். இப்போது அவரே போய் உங்கள் ஈயைக் கொன்றாராம். நாலு பேர் முன்னால் நீங்கள் பேசியதை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்கே தெரிகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, அண்ணாச்சி. உங்களுக்காகத்தான் வெட்கம்.

நாச்சியார்

*

குற்றாலம்
19-6-1958

நாச்சியாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆள் பிடிபட்டுவிட்டது. கண்டக்டர் பேச்சிமுத்துவிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறேன். திறக்காதே, முதலில் இதைப் படி.

மருந்து இல்லை என்று எனக்கு இப்போது நிச்சயம். மருந்தில் செத்த ஈ கனமாக இருக்கும், நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும். இவை உள்ளே ஒன்றுமில்லாமல் உமி மாதிரி இருக்கின்றன. ஊதினால் பறக்கின்றன. இதென்ன சாவு என்று நாலு நாள் பெட்டி எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வாசல் பலகை ஓரத்தில் ஒரு சிட்டிகைத் தூசி கிடந்தது. காற்றில் வந்த தூசி என்று நினைத்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும்போது அந்தத் தூசி நாலடி எடுத்து வைத்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாரம் சுமந்து களைத்து ஒரு ஈ வந்து இறங்கியது. தூசி ஒரே தாவலில் அதை முன்னங்காலால் அணைத்துக்கொண்டது. வளைந்த ஊசி போல ஒரு மூக்கு. அதைக் கழுத்து மடிப்பில் இறக்கியது. ஈ இரண்டு தடவை இறக்கை அடித்தது, அவ்வளவுதான். உள்ளே ஏதோ தண்ணீரைப் பாய்ச்சிக் குடலையெல்லாம் கஞ்சியாக்கிவிடும் போலிருக்கிறது. அப்புறம் சாவகாசமாக உறிஞ்சியது. நான் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற வரைக்கும் உறிஞ்சியது. பிறகு கூட்டைத் தள்ளிவிட்டு மறுபடி தூசியாகிவிட்டது.

தென்காசி விவசாய ஆபீஸில் காட்டினேன். அசாசின் பக் என்று இங்கிலீஷில் பெயராம், கொலைகாரப் பூச்சி. இது குஞ்சாம், இறக்கை முளைக்கவில்லை. வளர்ந்தால் கறுப்பாக, மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டு பறக்குமாம். குஞ்சு தன்னை மறைக்க உடம்பு முழுக்கப் பொடியைப் பூசிக்கொள்ளுமாம். தின்று முடித்த எறும்புகளின் பிணத்தை அதற்கு மேல் மூட்டையாக முதுகில் ஏற்றிக்கொள்ளுமாம். தான் கொன்றதையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு திரிகிற சாதி.

பிடிக்கும்போது என் பெருவிரலில் ஊசியை இறக்கிவிட்டது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தது போல இருந்தது, முழங்கை வரை கடுத்தது. ஆனால் அந்த வலியிலும் ஒன்று பார்த்தேன். நீயும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார். அது போர்த்தியிருப்பது என்ன பொடி? என் தோப்பு மண் கறுப்பு. இது சிவப்பு. செங்கல் பொடி. காளவாசல் வைத்திருப்பது யார்? இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

அவர் ஈக்குப் பயந்தவர் என்று எழுதியிருக்கிறாய். பயந்தவர் கிட்டே போகமாட்டார், பூச்சியைத்தான் அனுப்புவார்.

ஞானசம்பந்தம்

*

வாசுதேவநல்லூர்
28-6-1958

அண்ணாச்சிக்கு,

உங்கள் சாட்சி வந்து சேர்ந்தது. சாப்பாடு போட்டு நன்றாகவே வைத்திருக்கிறேன். அடுப்படி எறும்பு, குட்டிக் கரப்பான் எதுவானாலும் சாப்பிடுகிறது. உங்களைப் போல நாக்கு நீளம் இல்லை அதற்கு.

குழலி முதல் நாள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "எம்மா, குப்ப நடக்கும்மா!" என்று கத்தினாள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோழி இறகு ஒன்றை எடுத்து, நீளக் குச்சியில் கட்டி, அதன் முதுகில் இருந்த சிவப்புப் பொடியையெல்லாம் தட்டிவிட்டேன். மூட்டையும் போயிற்று, பொடியும் போயிற்று. உள்ளே பார்த்தால் ஒல்லியாக, கறுப்பாக, பாவமாக இருக்கிறது. அதை வேறு பாட்டிலுக்கு மாற்றி, அடியில் கோலமாவைத் தூவி வைத்தேன்.

நான் சோறு வடித்துவிட்டு வருவதற்குள் பின்னங்காலால் மாவை அள்ளி அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் மஞ்சள் பொடி போட்டேன். கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. உங்கள் சாட்சி சட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது, அண்ணாச்சி. எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அந்த இடத்துப் பொடியைப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். உங்கள் பெட்டி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? செங்கல் மேல். பிறகு சிவப்பாக இல்லாமல் என்ன செய்யும்? இப்போது பூச்சி மேல் என் கோலமாவு இருக்கிறது. உங்கள் ஈயை நான்தான் கொன்றேன் என்று எழுதுவீர்களா?

இனிமேலாவது காது குத்துக்கு வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இங்கே வேறு கவலை. அவருக்குக் கையில் தேள் கொட்டிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை விறகு பேச வேண்டும் என்று விடியற்காலை பஸ்ஸில் தென்காசி போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது நடுவிரல் வீங்கி, முழங்கை வரை கடுக்கிறது என்றார். ஒரே ஒரு புள்ளிதான், பெரிய காயம்கூட இல்லை. இரண்டு நாள் சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன். முகமே சரியில்லை. அதற்கு முன்னாலும் சரியில்லை. உங்கள் பாட்டில் வந்த அன்றைக்கு அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். காப்பி ஆறிப்போகிறது என்றேன். குடிக்காமலே போய்விட்டார்.

நாச்சியார்

*

குற்றாலம்
2-7-1958

நாச்சியாருக்கு,

உன் கோலமாவு வித்தையை ஒத்துக்கொள்கிறேன். பொடி சாட்சி இல்லை. ஆனால் நீ எழுதிய கடைசிப் பத்தியை நீயே இன்னொரு தடவை படித்துப் பார்.

ஒரே புள்ளி. நடுவிரல். முழங்கை வரை கடுப்பு. போன கடிதத்தில் என் கையைப் பற்றி நான் எழுதியதும் அதுதானே? தேளா? அந்தத் தேளை அடித்தாரா? தேளைக் கண்டால் அடிக்காமல் விடுகிற ஊரா உங்கள் ஊர்? எங்கே கொட்டியது என்று கேட்டாயா?

செவ்வாய்க்கிழமை நான் அருவியில் குளித்துவிட்டு வந்தபோது இரண்டு பெட்டிகளின் மூடி மேல் வைத்த பாரக்கல் இடம் மாறியிருந்தது. குரங்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். உன் கடிதம் வந்ததும் பக்கத்துத் தோப்புக் காவல் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரு ஆளு சாக்கத் தூக்கிக்கிட்டு உங்க வேலிக்குள்ள போச்சு அண்ணாச்சி. தலையில துண்டப் போத்தியிருந்துது, மொகம் தெரியல. நீங்கதான் வேலைக்கு வரச் சொன்னியளாக்கும்னு இருந்துட்டேன்" என்கிறான். சாக்கில் என்ன இருந்தது? பூச்சி இருந்திருக்கும். முதலில் அனுப்பியது போதவில்லை, இரண்டாம் தடவை தானே சுமந்து வந்திருக்கிறார்.

நான் காலையில் அருவிக்குப் போவேன், பேரருவியில் நின்றால் உலகம் மறந்துவிடும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டு மனுஷருக்குத்தான் தெரியும்.

தென்காசி ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். உன்னை முன்னிட்டு ஒரு வாரம் பொறுக்கிறேன். அவரைக் கேட்டு எழுது.

ஞானசம்பந்தம்

*

வாசுதேவநல்லூர்
8-7-1958

அண்ணாச்சிக்கு,

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது.

அவர் செவ்வாய்க்கிழமை கட்டியிருந்த துண்டு துவைக்கிற மூட்டையில் அடியில் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். தேன்மெழுகு வாசனை. நம் வீட்டில் பிறந்தவளுக்கு அந்த வாசனை தெரியாதா? தென்காசியில் விறகு பேசப் போனவர் துண்டில் அது எப்படி வரும்?

அன்றிலிருந்து அவரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறு போடும்போது பார்க்கிறேன். குழலியைத் தூக்கும்போது பார்க்கிறேன். அவர் காலையில் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு காளவாசலுக்குப் போனால், நிஜமாகவே அங்கேதான் போகிறாரா என்று தெருமுனை வரை எட்டிப் பார்க்கிறேன். நேற்று, "ஏட்டி, என்னத்துக்கு இப்படி முழிக்க?" என்று கேட்டார். தலைவலி என்றேன். நானும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டேன். பாட்டிலில் இருக்கிற பூச்சியும் நானும் ஒன்றாகிவிட்டோம். இரண்டு பேரும் அசையாமல் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். அவர் செய்திருந்தால் நான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறேன். செய்யாமல் இருந்து நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், எனக்கு அந்த வீடும் இல்லை, இந்த வீடும் இல்லை.

நாச்சியார்

*

குற்றாலம்
14-7-1958

நாச்சியாருக்கு,

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போகச் சட்டை மாட்டினேன். ஆதாரம் கேட்பார்களே, பாரக்கல் இடம் மாறிய அந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று போனேன்.

கீழே பூச்சி இல்லை. ஒன்றுகூட இல்லை. அதைவிட விசித்திரம், கல்லே வேறு. புதுக்கல், கூர் மழுங்காத கல். நட்சத்திர முத்திரை போட்டிருக்கிறது. மாப்பிள்ளை காளவாசலில் வேல் முத்திரை அல்லவா? நட்சத்திரம் கடையநல்லூர்க்காரருடையது என்று நினைக்கிறேன்.

மற்றப் பெட்டிகளையும் தூக்கினேன். அவற்றின் கீழே சித்திரையில் வந்த கல் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு நான் கவனித்துப் பார்க்கவில்லை, அவசரத்தில் அடுக்கிவிட்டேன். இப்போது கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கமெல்லாம் பழைய சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கிறது. ஏதோ சுவரை இடித்து எடுத்த கல். காரைப் பொந்துகளில் இந்தப் பூச்சி உரித்துப்போட்ட தோல் கொத்துக் கொத்தாக இருக்கிறது. நேற்றுக் குடிவந்த பூச்சி இத்தனை தோல் உரிக்காது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்திருக்கிறது. ஆக, பூச்சி அந்தக் கல்லோடுதான் என் தோப்புக்கு வண்டியேறி வந்திருக்கிறது.

இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது. கெடுக்க வந்தவர் சாக்கில் நல்ல கல்லைச் சுமந்துகொண்டு ஏன் வர வேண்டும்? காளவாசல்காரர் அடுத்தவர் காளவாசலில் கல் ஏன் வாங்க வேண்டும்? "இந்த வாரம் சுட்ட கல்லு" என்று வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பிவிட்டு இடிந்த சுவரை ஏன் அனுப்ப வேண்டும்? தெரிந்தே அனுப்பினாரா, தெரியாமல் அனுப்பினாரா? எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் எதைச் சந்தேகப்படுவது என்றுதான் தெரியவில்லை.

நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஞானசம்பந்தம்

*

வாசுதேவநல்லூர்
21-7-1958

அண்ணாச்சிக்கு,

கேட்டுவிட்டேன்.

சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பாட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஒங்க வெரல்ல கொட்டுன தேளு இதுதானா?" என்றேன். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். 

பிறகு சொன்னார். "காளவாசல் அணஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஆவுது நாச்சியார். பங்குனி மழையில சுடாத பச்சக்கல்லு அத்தனையும் கரஞ்சு போச்சு. மண்ணு எடுத்த குழியெல்லாம் தண்ணி. ஒங்கிட்ட பாதி போச்சுன்னு சொன்னேன். முழுசும் போச்சு."

அதனால்தான் உங்களிடம் மண் கேட்டிருக்கிறார், அண்ணாச்சி. கேட்ட காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு சுத்தமாக வரவில்லை. மாசியில் உங்களுக்குக் கல் தருவதாகச் சொல்லிவிட்டாரே, அந்த வாக்கு ஒன்று மிச்சம் இருந்தது. கல் இல்லை என்று சொன்னால் காளவாசல் இல்லை என்று தெரிந்துவிடும். "மச்சான் முன்னால வெறுங்கைய விரிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?" என்கிறார். எங்கள் மாமனார் காலத்துச் சூளைச் சுவரை இடித்து, வெளிப்பக்கத்துக் காரையைக் கொத்திவிட்டு, புதுக்கல் என்று அனுப்பிவிட்டார். காளவாசலில் இருந்து வந்த கல் என்பது பொய்யில்லையாம். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்.

பாட்டில் வந்த அன்று அதைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "இது எங்க பழைய செவுத்துப் பொந்துல கெடக்குமே, சின்ன வயசுல என்னையக் கடிச்சிருக்கு" என்கிறார். தன்னால்தான் உங்கள் ஈ செத்தது என்று இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் கடையநல்லூரில் இறங்கி எட்டுக் கல் வாங்கி, சாக்கில் போட்டுச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். நீங்கள் அருவிக்குப் போன நேரம் பார்த்து, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, நடுங்கி நடுங்கி இரண்டு பெட்டிக்கு மாற்றியிருக்கிறார். பழைய கல்லைச் சாக்கில் அள்ளும்போது கடித்துவிட்டது. மற்றதற்கு இன்னொரு நாள் வரலாம் என்று இருந்தாராம், கை ஆறவில்லை.

இப்போதும் அவர் தினமும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய், அணைந்த காளவாசல் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார். நான் தெருமுனை வரை எட்டிப் பார்த்தேன் என்று எழுதினேனே, அதை நினைத்தால் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"மச்சானுக்கு எழுதாத. எழுதினா நான் அந்த ஊருப் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன், காதுகுத்துக்கும் வரமாட்டேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன். இப்போது நீங்கள் வந்தால் அவர் வரமாட்டார் போலிருக்கிறது. என் பிள்ளைக்கு மாமனும் அப்பனும் ஒரே நேரத்தில் கிடைக்க மாட்டார்கள் போலிருக்கிறது. நீங்கள் மூத்தவர்கள். இனிமேல் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நாச்சியார்

*

குற்றாலம்
24-7-1958

நாச்சியாருக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் நிஜமாகவே அடுப்பில் போட்டுவிடு. அரிசிப் பானை வேண்டாம்.

நீ எனக்கு ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது.

முன்பு பெட்டிகள் மரக் கால்களில் நின்றன. எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்திருப்பேன். குரங்குக்குப் பயந்து கல்மேடை போட்டபோது சிரட்டையை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டேன். இறக்கை இல்லாத பூச்சி, தண்ணீர் இருந்திருந்தால் ஏறியிருக்காது. கல் அவருடையது, வழி போட்டுக் கொடுத்தது நான். இதை நான் எழுதியதாக யாரிடமும் சொல்லாதே. கல்மேடையைச் சுற்றி ஒரு சின்னத் தண்ணீர்க் கால்வாய் வெட்டுகிறேன், அது என் வேலை.

தினமும் காலையில் இடுக்கியால் பூச்சியைப் பொறுக்கி எடுக்கிறேன். ஈ சாவது குறைந்துவிட்டது. புதுக்கல் போட்ட இரண்டு பெட்டிகளிலும் பழைய இரைச்சல் வந்துவிட்டது. மற்றப் பெட்டிகளின் கல்லை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் சும்மா பேச்சுவாக்கில் ஒன்று மட்டும் சொல். வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி வீட்டில் இருக்கமாட்டார், அருவிக்குப் போய்விடுவார் என்று சொல். சாக்குச் சுமக்க வேண்டாம், வேலியோரம் புதுக்கல் அடுக்கி வைத்திருக்கிறேன். வாசல் ஆணியில் என் முகவலை தொங்கும், துண்டு போதாது. கைக்கு இரண்டு பழைய தோல் உறை வைத்திருக்கிறேன். அடுப்படியில் இட்லி இருக்கும். அருவியில் இப்போது தண்ணீர் நிறைய விழுகிறது, நான் கொஞ்சம் கூடுதலாகவே குளிப்பேன். மாடக்கண்ணுவிடமும் சொல்லிவிட்டேன், அவன் அன்றைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

மண் விஷயம் வேறு. கீழ்ப்பக்கத்துத் தென்னை போக, ஓடைக்கரையில் கொஞ்சம் இடம் சும்மாதான் கிடக்கிறது. அதை அவர் மறுபடி வந்து கேட்கட்டும். இந்த முறை நாலு பேர் இருக்கமாட்டார்கள்.

ஆவணி பன்னிரண்டுக்கு இலஞ்சிக்கு வந்துவிடுவேன். என் மடியில் உட்கார்ந்தாலும் குழலி கையை உதறுவாள், ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கட்டும்.

அவருக்குத் தேள் கொட்டிய விரல் ஆறிவிட்டதா என்று மட்டும் எழுது.

ஞானசம்பந்தம்